எரிகாட்டில் காற்று

"தள்ளாத, ஹாலிஸ். ரம்பம் உன் பக்கம் வர்றப்ப இழு, என் பக்கம் வர்றப்ப சும்மா விடு. தள்ளுனா நெளியுது பாரு."

"நான் எங்க தள்றேன்?"

"தள்றே. பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணப்பவும் இதேதான்."

"அப்ப மட்டும் நீ இழுத்தியாக்கும்? உக்காந்து குறை சொல்லிக்கிட்டுல்ல இருந்தே."

நோரீன் டிபெட்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரம்பத்தை இழுத்தாள். சிரிப்பு வந்துவிட்டால் மூச்சு போய்விடும். பாதையை மறித்துக் கிடந்த பைன் மரத்தில் இன்னும் ஒரு சாண் அறுக்க வேண்டியிருந்தது. இயந்திரம் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்ட காடு அது. மோட்டார் ரம்பத்துக்கு அனுமதி கிடையாது. விழுந்த மரத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நீள ரம்பத்தால்தான் அறுத்து விலக்க வேண்டும். வன அலுவலகத்தில் ஆட்களை எப்படியெல்லாமோ ஜோடி மாற்றிப் பார்த்தார்கள். நோரீனும் ஹாலிஸும் இழுத்தால் ரம்பம் இறங்குகிற வேகம் வேறு எந்த ஜோடிக்கும் வரவில்லை. விவாகரத்தாகி நான்கு வருடம் ஆகியும் கோடைக்குக் கோடை இருவரையும் சேர்த்தே காட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மரம் துண்டாகி விழுந்த நேரம் வயர்லெஸ் பேசியது. மாலைதான் வரும் என்று சொல்லியிருந்த காற்று முன்கூட்டியே வருகிறதாம். ஒரு மணி வாக்கில் தொடங்கலாம். மணிக்கு ஐம்பது மைல், சில இடங்களில் அதற்கு மேலும். எரிந்த காடுகளில் வேலை செய்கிறவர்கள் உடனே வெளியேற வேண்டும்.

நோரீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தியிருந்த வண்டிக்கு இன்னும் மூன்றரை மைல். அதில் இரண்டரை மைல் எரிகாடு.

"நேரம் இருக்கு," என்றான் ஹாலிஸ், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"இருக்குன்னு எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சா சரி. ரம்பத்த இங்கயே மரத்தடியில சொருகிடுவோம். அதைத் தூக்கிக்கிட்டு ஓட முடியாது."

அவள் கைக்கடிகாரத்தை விரலால் திருகிக்கொண்டே இருந்ததை அவன் பார்த்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். கேலி செய்ய எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற கணக்கு மட்டும் அவனுக்கு எப்போதும் தப்பியதில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் இதே போன்ற வேறொரு எரிகாட்டில், காற்றே இல்லாத ஒரு பகலில், கூட வேலை செய்த லூசில் என்பவள் நோரீனுக்குப் பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு வறுவலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு போனவள், வாக்கியத்தை முடிக்கவில்லை. மரம் விழும்போது முறிகிற சத்தம் கேட்கும், ஓடிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தீயில் செத்து நின்ற மரத்துக்கு வேர் மண்ணுக்குள்ளேயே உளுத்துப்போயிருக்கும். அது முறிவதில்லை, சாய்கிறது. சாயும்போது ஒரு சத்தமும் இல்லை. லூசில் இறந்தது நோரீனுக்குத் தெரிந்ததே, மரம் தரையில் மோதிய பிறகுதான்.

பச்சை மரங்கள் முடிந்து எரிகாடு தொடங்கும் இடத்தில் இருவரும் நின்று தலைக்கவசப் பட்டையை இறுக்கிக்கொண்டார்கள். ஒன்பது வருடங்களுக்கு முன் எரிந்த மலை. பட்டை உதிர்ந்து, எலும்பு நிறத்தில், இலையில்லாமல், ஆயிரக்கணக்கில் மரங்கள் நின்றிருந்தன. கீழே இடுப்பளவு புதர் பச்சையாக வளர்ந்திருந்தது. காற்று அசையவில்லை. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டலும் நோரீனின் பல்லில் விழுந்தது.

முக்கால் மைல் போயிருப்பார்கள். ஓடையை ஒட்டிய சமதரையில், செத்த மரங்களுக்கு நட்டநடுவில், ஒரு ஆரஞ்சு நிறக் கூடாரம் நின்றது. அதன் முன்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் குந்தி உட்கார்ந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு வேட்டை வில் சாய்த்து வைத்திருந்தது.

"யாருய்யா இங்க கூடாரம் போடச் சொன்னது?" என்றான் ஹாலிஸ்.

"எடம் சமமா இருந்துச்சு சார். தண்ணியும் கிட்ட." அவன் எழுந்து கைகொடுத்தான். "டெரல். காப்பி குடிக்கிறீங்களா?"

"காப்பியெல்லாம் வேணாம்," என்றாள் நோரீன். "ஒரு மணிக்குக் காத்து வருது. பெரிய காத்து. இந்த மரம் எல்லாம் சாயும். பையக்கூட எடுக்க வேணாம், இப்பவே எங்ககூட நடங்க."

டெரல் தலையைத் தூக்கி மரங்களைப் பார்த்தான். அப்போதுதான் அவற்றைப் பார்ப்பவன் போலப் பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் இறங்கியது.

"எங்கண்ணன் வரணுமே மேடம். விடியறதுக்கு முன்னாடியே எல்க் மான் பின்னால போனான். மதியத்துக்குள்ள வந்துடறேன், இங்கயே இருன்னு சொன்னான்."

"சீட்டு எழுதி வெச்சிட்டு வாங்க."

"அவன் சீட்டெல்லாம் பாக்க மாட்டான். நான் இங்க இல்லேன்னா தேட ஆரம்பிச்சிடுவான். நான் வெளிய பத்திரமா உக்காந்திருக்க, அவன் இந்தக் காத்துல இதுக்குள்ள என்னைத் தேடிக்கிட்டுத் திரிவான். அது எப்படி மேடம்?"

அவன் சொன்னதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை, அதுதான் சங்கடம். நோரீன் கெஞ்சினாள். அதட்டினாள். வன அலுவலகத்தின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். பாதையைச் சுத்தம் செய்கிறவளுக்கு ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போக அதிகாரம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்; டெரலுக்கும் தெரிந்திருந்தது. இப்படியே கால் மணி நேரம் போயிற்று.

முதல் வீச்சு அப்போது வந்தது. ஒரு மணி ஆக இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. மலைமேட்டிலிருந்து ஒரு முனகல் இறங்கி வந்து கூடாரத் துணியைப் படபடவென்று அடித்துவிட்டுப் போனது. பிறகு, மேலே எங்கோ, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கனமாக ஒன்று தரையில் விழுந்தது. காலடி மண் அதிர்ந்தது. மரங்கொத்தியின் சத்தம் நின்றுவிட்டது.

"நோரீன்." ஹாலிஸின் குரலில் கேலி துளியும் இல்லை. "வா."

"தம்பி, இங்க பாருங்க." அவள் டெரலின் தோளைப் பிடித்து ஓடைப் பக்கம் திருப்பினாள். "அந்தப் பெரிய பாறை தெரியுதா? தண்ணி பக்கம் அடியில குடைஞ்சிருக்கு, குனிஞ்சு போனா ரெண்டு ஆள் உக்காரலாம். கூடாரத்துக்குள்ள மட்டும் இருக்காதீங்க. தண்ணி குளிரும், பரவாயில்ல. காத்து நிக்கிற வரைக்கும் வெளிய வரக்கூடாது. அண்ணன் குரல் கேட்டாலும் வரக்கூடாது. கூப்பிட்டு அவர உள்ள வரச் சொல்லுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம். நீங்க போங்க."

புரிந்ததுபோல் இல்லை. மரியாதைக்குத் தலையாட்டியதுபோல் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் கூடாரத்தின் முளைக்கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

எரிகாட்டில் நடப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. மேலே பார்க்க வேண்டுமென்றால் நின்று பார்க்க வேண்டும். நடக்கும்போது காலடியைத்தான் பார்க்க வேண்டும். நோரீனால் இரண்டையும் செய்ய முடியவில்லை. நின்றால் நிற்கிற இடத்தில் விழும் என்று தோன்றியது. நடந்தால் போகிற இடத்தில் விழும் என்று தோன்றியது. காற்று ஒரே சீராக வரவில்லை. ஒரு வீச்சு, பிறகு அமைதி, மறுபடி ஒரு வீச்சு. வீச்சின்போது மரங்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. அமைதியின்போது அவை ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன. அந்த அமைதிதான் தாங்கமுடியாததாக இருந்தது. அதற்குள்ளேதான் மரங்கள் விழுந்தன: இடப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று, வெகு அருகில் ஒன்று. எது விழப்போகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி நின்றிருந்தன.

"பேசு," என்று முன்னால் போன ஹாலிஸ் கத்தினான். "ஏதாச்சும் பேசிக்கிட்டே வா. நீ இருக்கேன்னு எனக்குத் தெரியணும்."

"என்னத்தப் பேச?"

"என்னைத் திட்டேன். உனக்கா வார்த்தைப் பஞ்சம்?"

அவள் திட்டத் தொடங்கினாள். அடுப்பை அணைக்காமல் மீன்பிடிக்கப் போனதை, அவள் அப்பாவின் ஈமச்சடங்குக்குச் சேற்றுச் செருப்போடு வந்ததை, குரல் உடைய உடையச் சொல்லிக்கொண்டே ஓடினாள். ஓடையை இரண்டாம் முறை தாண்டும் இடத்தில் பெரிய வீச்சு வந்தது. கண்ணில் மண். அவள் முகத்தைத் துடைத்து நிமிர்ந்தபோது வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு நகர்ந்தது. வாயைத் திறந்தாள். அவன் பேர் வரவில்லை. மரத்தின் நுனி ஹாலிஸின் தோளில் அடித்து அவனைக் குப்புறத் தள்ளியது.

அடுத்து நடந்ததை அவள் பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அது மாறவில்லை. அவள் ஓடினாள். விழுந்து கிடந்தவனைத் தாண்டி ஓடினாள். காலே அவளுடையதாக இல்லை. முப்பது அடியோ நாற்பது அடியோ போன பிறகு, பின்னால் ஒருவன் கெட்ட வார்த்தை சொல்வது கேட்டது. உயிரோடு இருப்பவனால்தான் அப்படித் திட்ட முடியும். அவள் நின்றாள். திரும்பி வருவது ஓடியதைவிட அதிக நேரம் எடுத்தது.

ஹாலிஸின் காறை எலும்பு உடைந்திருந்தது. பையைக் கழற்றி எறிந்துவிட்டு, அவனுடைய இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு இழுத்து வந்தாள். மிச்சம் ஒரு மைல். பச்சை மரங்களுக்குள் நுழைந்ததும் ஹாலிஸ் ஒரு வேரில் உட்கார்ந்துகொண்டான்.

"நான் உன்னைத் தாண்டி ஓடிட்டேன்," என்றாள் அவள்.

"பாத்தேன். என் கைய மிதிச்சிட்டு வேற போனே."

வண்டிகள் நிறுத்தும் இடத்தில், அறிவிப்புப் பலகைக்கு அருகே, ஒரு நீல நிற டிரக்கின் பின்பலகையில் ஒருவன் உட்கார்ந்து ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தின்றுகொண்டிருந்தான். பெரிய தாடி. முகச்சாயலைப் பார்த்ததுமே டெரலின் அண்ணன் என்று நோரீனுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன காத்துய்யா இது," என்றான் அவன். "நான் மான் பின்னால போயி அந்தப் பக்கம் ரோட்டுலயே எறங்கிட்டேன். ஒருத்தர் வண்டியில ஏத்திக்கிட்டு வந்து விட்டாரு. தம்பி உள்ள கூடாரத்துல இருக்கான், வழியில பாத்தீங்களா?"

ஹாலிஸ் அவளைப் பார்த்தான். அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பாத்தோம். கூப்பிட்டோம். நீங்க தேடுவீங்கன்னு சொல்லி வர மாட்டேன்னுட்டாரு."

ரொட்டி அவன் கையிலிருந்து கீழே விழுந்தது. "விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"ஆமா."

அவன், கர்ட்டிஸ் என்று பெயர், வேறு எதுவும் கேட்காமல் பாதையை நோக்கி ஓடினான். நோரீன் ஓடிப்போய் அவன் சட்டையைப் பற்றினாள். அவன் உதறியதில் கீழே விழுந்தாள். எழுந்து மறுபடி பின்னால் போனாள். பச்சை மரங்கள் முடிகிற இடம் வரைக்கும் துரத்திப் போனாள். அங்கே அவன் தானாகவே நின்றுவிட்டான். அவனுக்கு முன்னால் மலைச்சரிவு முழுவதும் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. ஒரே நேரத்தில் நான்கைந்து இடங்களில் மரங்கள் சாய்வது, தூரத்திலிருந்து பார்க்கையில், யாரோ மெதுவாகப் புல்லைக் கோதுவதுபோல் தெரிந்தது. சத்தம் பிறகு வந்தது. கர்ட்டிஸ் இரண்டு கால் எடுத்து வைத்தான். ஒரு மரம் பாதையின் குறுக்கே படுத்தது. அவன் பின்னால் நகர்ந்து, தரையில் உட்கார்ந்து, தாடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"என்னால முடியல," என்றான். "என் தம்பிங்க அவன். என்னால உள்ள போக முடியல."

"யாராலயும் முடியாது," என்றாள் நோரீன். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவன் அதை நம்பவில்லை என்பதும் தெரிந்தது.

வயர்லெஸ்ஸில் சொன்னபோது, காற்று அடங்கும்வரை யாரையும் அனுப்ப முடியாது என்றார்கள். அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணி நேரம். கர்ட்டிஸ் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையை நிமிர்த்தினான். ஒரு கட்டத்தில் சத்தங்களை எண்ணத் தொடங்கினான். நூற்றுப் பதினேழில் நோரீன் அவன் வாயைத் தன் கையால் பொத்தினாள். இடையில், ஹாலிஸைக் கூட்டிப்போக வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அவன் ஏற மறுத்தான். அவள் போய்ப் போட்ட ஒரு சத்தத்தில் ஏறிக்கொண்டான்.

நாலரைக்குக் காற்று விட்டது. தேடுதல் குழு வந்து சேர இன்னும் இரண்டு மணி ஆகும், காத்திருங்கள் என்று வயர்லெஸ் சொன்னது. கர்ட்டிஸ் எழுந்து நடந்தான். நோரீனும் எழுந்தாள். போக வேண்டும் என்று அவள் முடிவெடுக்கவில்லை. அவன் முதுகு மரங்களுக்குள் மறையப்போகிறது என்று தோன்றியதும் கால் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பாதை என்று ஒன்று இல்லை. மரத்தின்மேல் மரம், அதன்மேல் மரம். சில இடங்களில் தரையைத் தொடாமலே ஐம்பதடி தூரம் மரங்களின்மேல் தவழ்ந்து போனார்கள். இன்னும் நின்றுகொண்டிருந்த மரங்கள் காற்றில்லாமலே கிறீச்சிட்டன. நோரீன் ஒவ்வொன்றின் அடியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். வழி நெடுக கர்ட்டிஸ் தம்பியின் பெயரைக் கூவிக்கொண்டே போனான். மலை அதைத் திருப்பிச் சொன்னது. வேறு பதில் இல்லை.

ஆறரை மணிக்கு ஆரஞ்சுத் துணி கண்ணில் பட்டது. கூடாரத்தின் நடுவில், நீளவாக்கில், ஒரு மரம் கிடந்தது. கர்ட்டிஸ் மண்டியிட்டுத் துணியைக் கையாலும் பல்லாலும் கிழித்தான். உள்ளே நசுங்கிய அடுப்பு. பிய்ந்து இறகு கொட்டிய படுக்கைப் பை. அதற்குள் யாரும் இல்லை.

நோரீன் ஓடைப் பக்கம் திரும்பினாள். பாறையின்மேல் இரண்டு மரங்கள் விழுந்திருந்தன. குடைவு இருந்த இடத்தை உடைந்த கிளைகள் அடைத்திருந்தன. டெரலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தமில்லை. கூப்பிட்டுவிட்டுக் காதை வைத்தாள். தண்ணீர் ஓடும் ஒலி. அதற்குள் வேறொரு ஒலி, கூழாங்கற்களை உள்ளங்கையில் குலுக்குவதுபோல. அது என்ன என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பற்கள். ஒருவனுடைய பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.

"கர்ட்டிஸ்! இங்க வாங்க! இங்க இருக்காரு!"

இடுப்பில் இருந்த மடக்கு ரம்பத்தால் அவள் அறுத்தாள். அறுத்த கிளைகளை அவன் பிடுங்கி எறிந்தான். முழங்கால்வரை தண்ணீரில், பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு, டெரல் மடங்கி இருந்தான். உதடு கறுத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் இவர்களைப் பார்க்கவில்லை. இழுத்து வெளியே போட்டு, ஈரத்துணியை உரித்து, மூன்று பேரும் ஒரே படுக்கைப் பைக்குள் நுழைந்தவர்கள்போல, அந்தக் கிழிந்த பையைச் சுற்றிக்கொண்டு ஓடையின் கூழாங்கல் திட்டில் படுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவன் முதல் வார்த்தை சொன்னான். அண்ணனைப் பார்த்து, "எங்கடா போனே நாயே," என்றான். கர்ட்டிஸ் வாய்விட்டு அழுதான்.

குழுவினர் வெளிச்சம் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். தூக்குப் படுக்கையைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுபோக விடியற்காலை ஆயிற்று. வழியில் ஓரிடத்தில் இளைப்பாறியபோது டெரல் அவளைக் கூப்பிட்டான்.

"நீங்க போனதும் நான் கூடாரத்துக்குள்ளதான் போனேன் மேடம். பூட்ஸைக் கழட்டிட்டுப் படுத்தேன். பக்கத்துல ஒண்ணு விழுந்துச்சு. அப்பதான் ஓடுனேன். நான் உயிரோட இருப்பேன்னு நெனச்சா வந்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அவளிடம் பொய்க்கான தெம்பு இல்லை.

"இல்ல," என்றாள். "நெனைக்கல."

அவன் தலையை அசைத்து, கண்ணை மூடிக்கொண்டான்.

டெரலின் பாதங்களுக்கு உணர்ச்சி திரும்ப அந்தக் குளிர்காலம் முழுவதும் பிடித்தது. ஹாலிஸின் எலும்பு கோணலாகக் கூடியது. மறு கோடையில் அவன் வேறொருவனோடு ரம்பம் பிடித்தான், திரும்பி வந்து அவனைப் பற்றிக் குறை சொன்னான். நோரீன் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே ஏரிக்கரை முகாமுக்குப் போய்விட்டாள். கூடாரம் போட வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, கழிப்பறை கழுவுவது, கரடி வராதபடி குப்பைத்தொட்டியைப் பூட்டுவது. எல்லாம் பச்சை மரங்கள், உயிருள்ள வேர்கள். ஆனாலும் மதியக் காற்று ஏரியின்மேல் சுருக்கம் போடத் தொடங்கினால் அவளால் அறைக்குள் இருக்க முடிவதில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் கூடாரங்களுக்கும் நடுவில் நின்று, மரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

ஜூலையில் ஒரு நாள், சாய்வு நாற்காலியில் படுத்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "என்ன பறவைங்க அது, அப்படிப் பாக்குறீங்க?"

"பறவை இல்லம்மா," என்றாள் நோரீன். "உங்க கூடாரத்த அந்தப் பக்கம் மாத்திப் போட்டுக்கறீங்களா? நானும் ஒரு கை பிடிக்கிறேன்."